அடக்கினால் ஒலிக்கும் நரம்பு

(புதுக்கோட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சின்னப் பெட்டி. உள்ளங்கையில் அடங்கிவிடும். மேலே இரண்டு மூன்று திருகுகள் இருக்கும். காலால் மிதித்தால் வேலை செய்யும். அதற்குக் கம்ப்ரசர் என்று பெயர். எலெக்ட்ரிக் கிட்டாரில் சில பாட்டுகளில் கிணுகிணுவென்று, கொத்து மணியை உலுக்கியது போல, ஒரு நாதம் வருகிறதே, கேட்டிருக்கிறீர்களா? ஆங்கிலத்தில் அதை ‘ஜாங்கிள்’ என்கிறார்கள். நமக்கு அந்த ஓசைக்குச் சொல் பஞ்சமே கிடையாது. குழந்தையின் காலில் ஒலிப்பது கிண்கிணி. ஆடுகிறவள் காலில் ஒலிப்பது சலங்கை. மாட்டின் கழுத்தில் ஒலிப்பது மணி. அந்தக் கிண்கிணி நாதத்தை ஒரு கம்பியிலிருந்து இந்தப் பெட்டி எப்படி வெளியே கொண்டுவருகிறது? அதுதான் இன்றைய பேச்சு.

‘புதுக்கோட்டைக்கு வந்து எலெக்ட்ரிக் கிட்டாரைப் பற்றியா பேசுவது?’ என்று ஒருவர் வாசலிலேயே கேட்டார். நான் திருப்பிக் கேட்கிறேன். இங்கே பேசாமல் வேறு எங்கே பேசுவது?

இங்கிருந்து இருபது கிலோமீட்டர் போனால் குடுமியான்மலை. சிகாநாதசுவாமி கோயிலுக்குப் பின்னால் குன்றுச் சரிவில் மேலைக்கோயில் குடைவரை. அதன் பக்கத்துப் பாறையில் 38 வரிகளில் இசையை எழுதி வைத்திருக்கிறார்கள். ராஜாவின் புகழ் அதில் இல்லை, நிலதானக் கணக்கு இல்லை. இருப்பது ஸ்வரம். ஏழு பிரிவுகளாக, நான்கு நான்கு ஸ்வரங்களாகக் கோத்த கோவைகள். பல்லவர் காலத்துக் கிரந்த எழுத்து. இறுதியில் ஒரு தமிழ் வரி. உருத்திராசாரியாரிடம் பாடம் கேட்ட, சிவனிடம் பேரன்பு கொண்ட ஓர் அரசர் இதைச் செய்தார் என்று அந்தக் கல்லே சொல்கிறது. எதற்காகச் செய்தாராம்? மாணவர்களின் நன்மைக்காக! அதே மலையில் ‘பரிவாதினி’ என்ற பெயரும் கல்லில் இருக்கிறது. திருமயத்திலும் இருக்கிறது, மலையக்கோயிலிலும் இருக்கிறது. பரிவாதினி என்றால் ஏழு நரம்பு கொண்ட வீணை. நரம்பின் பெயரை மூன்று இடத்தில் பாறையில் வெட்டிய மாவட்டம் இது. இந்த மண்ணில் கம்பியைப் பற்றிப் பேச யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

இன்னொன்றும் சொல்கிறேன். கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றியது எந்த ஊர்? இந்த ஊர். மான்பூண்டியா பிள்ளை கையில் அது கச்சேரி வாத்தியமானது. அவருடைய மாணவர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் புதுக்கோட்டைப் பாணியைத் தென்னாடு முழுக்கக் கொண்டுபோனார். கஞ்சிரா எப்படி இருக்கும்? ஒரு சாண் அகல வட்டம், ஒரு பக்கம் தோல், விளிம்பில் ஒரு சிறு வில்லைச் சோடி. தோலில் அடி விழும், வில்லை கிணுங்கும். அடி உடனே முடிந்துவிடும், கிணுங்கல் நின்று கேட்கும். அடி பெரிதாகிவிட்டால் கிணுங்கல் காதில் ஏறாது. கிணுங்கல் அதிகமானால் தாளம் கலைந்துபோகும். இரண்டையும் ஒரு உள்ளங்கைக்குள் சமன் செய்வதுதான் கஞ்சிரா வித்தை. நான் பேச வந்த பெட்டியின் வேலையும் அதுவேதான்.

எப்படி என்று பார்ப்போம்.

கிட்டார்க் கம்பியை ஒருமுறை மீட்டுங்கள். காதுக்கு அது ஒரே சத்தம். கவனித்துக் கேட்டால் இரண்டு சத்தம். முதலில் ‘டக்’ என்று ஒரு தெறிப்பு. பிளாஸ்டிக் பிக் கம்பியை விட்டு விலகும் சத்தம் அது. அதன் பின்னால் வருவது ரீங்காரம். தெறிப்பு ஒரு நொடியின் சின்னத் துண்டு நேரம்தான் இருக்கும், ஆனால் மலை மாதிரி உயரம். ரீங்காரம் சில நொடிகள் நீளும், ஆனால் விழுந்த கணம் முதல் தேய்ந்துகொண்டே போகும். கிண்கிணி நாதம் எங்கே இருக்கிறது? தெறிப்பிலா, ரீங்காரத்திலா? ரீங்காரத்தில்! கம்பி முழுதாக அதிர்கிறபோதே பாதிப் பாதியாகவும் மூன்றில் ஒன்றாகவும் நான்கில் ஒன்றாகவும் அதிர்கிறது. அந்த மேல் ஒலிகள்தான் மணி போலக் கிணுகிணுக்கின்றன. தம்பூரா குதிரையில் ஒரு நூலைச் செருகி ஜீவா பிடிக்கிறோமே, எதற்கு? அந்த மேல் ஒலிகளை எழுப்பத்தான். நம் முன்னோர் நூலால் செய்ததை இன்றைய கிட்டார்க்காரர் மின்சாரத்தால் செய்கிறார்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. மேடையில் திண்டாடிக் கற்றேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கீரனூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மாரியம்மன் திருவிழா, எங்கள் மெல்லிசைக் குழுவின் கச்சேரி. கீபோர்டு, டிரம்ஸ், தபேலா, இரண்டு பாடகர்கள், நான் கிட்டார். மூன்று பாட்டு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, நீங்க வாசிக்கிறது தெரியுது, ஒன்னும் கேக்கலியே” என்றார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. வால்யூமைக் கூட்டினேன். அடுத்த பாட்டில் என் ஒவ்வொரு அடியும் கூம்பு ஸ்பீக்கரில் சாட்டை மாதிரி விழுந்தது. குழந்தைகள் காதைப் பொத்தின. ஆனால் அடிக்கும் அடிக்கும் நடுவே வரவேண்டிய சுரங்கள்? அவை கீபோர்டுக்குள் அமுங்கியே கிடந்தன.

மைக்செட்காரர் மேடைக்குக் கீழே வந்து நின்றார். படிப்பு அதிகம் இல்லாதவர். ஊர் ஊராக ஸ்பீக்கர் கட்டி அனுபவப்பட்டவர். அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. “தம்பி, வால்யூமக் கூட்டாதீங்க. அடியக் கொறைங்க. மிச்சமெல்லாம் தானா வெளிய வரும்.”

அன்பர்களே, கம்ப்ரஷன் என்ற கலையை இதைவிடச் சுருக்கமாக எவர் சொல்ல முடியும்?

நார்த்தாமலை முத்துமாரியம்மன் தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் கை வடம் பிடித்து இழுக்கிறது. கூட்டம் சாமியைப் பார்க்கிறது, அலங்காரத்தைப் பார்க்கிறது. சக்கரத்தின் ஓரத்தில் ஒருவர் குனிந்தபடியே கூடவே ஓடுகிறார். கையில் முட்டுக்கட்டை. தேர் தறிகெட்டு உருளும்போது கட்டையைக் கொடுக்கிறார். வேகம் தணிந்ததும் உருவிக்கொள்கிறார். அவர் தேரை நிறுத்துவதில்லை. தேர் சீராகப் போகும்படி பார்த்துக்கொள்கிறார். கம்ப்ரசர் என்ற பெட்டிக்குள் அந்த முட்டுக்கட்டைக்காரர்தான் உட்கார்ந்திருக்கிறார்!

எவ்வளவு வேகம் வந்தால் கட்டை கொடுப்பது? அதுதான் த்ரெஷோல்ட், அதாவது வரம்பு. எவ்வளவு அழுத்திக் கொடுப்பது? அது ரேஷியோ, அதாவது விகிதம். எவ்வளவு சீக்கிரம் கொடுப்பது? அது அட்டாக். எப்போது உருவுவது? அது ரிலீஸ். இந்த நான்கும் தெரிந்துவிட்டால் கம்ப்ரசர் தெரிந்துவிட்டது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். உங்கள் பலமான அடி வரம்பைவிட 12 டெசிபல் மேலே போகிறது. மெதுவாக விழும் சுரம் வரம்புக்கு 6 டெசிபல் கீழே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே 18 டெசிபல் பள்ளம். அந்தப் பள்ளத்தில்தான் என் சுரங்கள் அன்றைக்கு விழுந்து கிடந்தன. இப்போது விகிதத்தை நான்குக்கு ஒன்று என்று வையுங்கள். வரம்புக்கு மேலே போன ஒவ்வொரு நான்கு டெசிபலும் ஒன்றாகச் சுருங்கும். பன்னிரண்டு மூன்றாகிவிட்டது. பலமான அடி 9 டெசிபல் இறங்கிவிட்டது. மெதுவான சுரத்தைப் பெட்டி தொடவே இல்லை. பள்ளம் 18-லிருந்து 9 ஆகிவிட்டது. இனி லெவல் திருகைத் திருப்பி மொத்த ஒலியையும் 9 டெசிபல் தூக்குங்கள். பலமான அடி பழைய இடத்துக்கே வந்துவிட்டது. மெதுவான சுரமோ பழைய இடத்தைவிட 9 டெசிபல் மேலே நிற்கிறது. காதுக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பு சத்தம்!

பாருங்கள், யாருக்கு என்ன நட்டம்? பெரியவன் சற்றுக் குனிந்தான், சிறியவன் நிமிர்ந்தான். பெரியவனும் முன்னே நின்ற உயரத்திலேயே நிற்கிறான். தேய்ந்து மறையவிருந்த ரீங்காரம் இப்போது அடுத்த அடி வரும்வரை காதில் நிற்கிறது. அந்த ரீங்காரத்தில்தான் மணி ஒலிக்கிறது என்று சொன்னேன் அல்லவா? கிண்கிணி பிறந்துவிட்டது.

இந்த நாதம் உலகத்தின் காதுக்கு எப்படி வந்தது? அதுவும் ஒரு நல்ல கதை.

1964-இல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கையில் ஒரு பன்னிரண்டு கம்பி எலெக்ட்ரிக் கிட்டார் இருந்தது. ரிக்கன்பேக்கர் கம்பெனி செய்தது. ஆறு கம்பி இருக்கும் இடத்தில் ஆறு சோடி. கீழ்ஸ்தாயிச் சோடிகள் நான்கிலும் ஒரு கம்பி தடிப்பு, ஒரு கம்பி அதற்கு ஒரு ஸ்தாயி மேலே. மீதி இரண்டு சோடியும் ஒரே சுருதி. சோடிக் கம்பிகள் மயிரிழை முன்னே பின்னே ஒலிப்பதால் ஒரு மினுமினுப்பு வரும். அவர்கள் நடித்த படத்தில் அதைப் பார்த்தார் அமெரிக்காவில் ஓர் இளைஞர், மெக்கின். பைர்ட்ஸ் குழுவைச் சேர்ந்தவர். தானும் அதே கிட்டாரை வாங்கினார். 1965 ஜனவரியில் ஹாலிவுட்டில் கொலம்பியா ஸ்டூடியோவில் பாட்டுப் பதிவு.

அங்கே ரே கெர்ஹார்ட் என்று ஓர் ஒலிப்பதிவாளர். ராக் இசைக்காரர்களின் பெருஞ்சத்தம் தன் அருமைக் கருவிகளைப் பாழாக்கிவிடும் என்று அவருக்குப் பயம். அதனால் வந்த ஒலிக்கெல்லாம் கம்ப்ரசர் மாட்டினார். அவர் நினைத்தது பாதுகாப்பு, கிடைத்தது அழகு! மெக்கின் காதில் அது தேனாக விழுந்தது. ஒரு கம்ப்ரசர் போதாது என்று, வால்வுக் கம்ப்ரசர் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி, ஆம்ப்ளிஃபையரே இல்லாமல் நேராக மிக்சருக்குள் வாசித்தார். தனியாக வாசித்தால் அந்தக் கிட்டார் சற்று மொத்தையாகத்தான் ஒலிக்கும், கம்ப்ரசர் சேர்ந்தபிறகுதான் மணியாக ஒலித்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு சுரத்தை மூன்று நான்கு நொடி பிடித்து நிறுத்த முடிந்ததாம். கம்பி வாத்தியம் ஊது வாத்தியம் போல நீண்டு ஒலித்தது. மறு ஆண்டே இன்னொரு பாட்டில் அந்த நீட்சியை வைத்து ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸபோனைக் கிட்டாரில் கொண்டுவரப் பார்த்தார். அந்தப் பாட்டுக்குப் பின்னால் நம் ரவி சங்கரின் சித்தாரும் இருந்தது.

ஹாலிவுட்டில் பதிவான அந்த முதல் பாட்டின் பெயர் என்ன தெரியுமா? ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’. டாம்பரின் என்றால்? ஒரு பக்கம் தோல், விளிம்பில் வில்லைகள். நம் கஞ்சிராவின் உடன்பிறப்பு! கஞ்சிரா ஊரில் நின்று இதைச் சொல்லும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது. உலகம் முழுக்கக் கிண்கிணிக் கிட்டாரைப் பரப்பிய பாட்டுக்கு, வில்லை கட்டிய தோல் வாத்தியத்தின் பெயர். பிற்பாடு 1988-இல் ரிக்கன்பேக்கர் மெக்கின் பெயரில் வெளியிட்ட கிட்டாரில் கம்ப்ரசரை உள்ளேயே வைத்துக் கட்டினார்கள்.

அந்த ஒலி ரேடியோவிலிருந்து எகிறிக் குதித்து முன்னே வந்து நிற்கும் என்றும் மெக்கின் சொல்வார். ஏன் ரேடியோ? இந்த மன்றத்தில் இருக்கும் பெரியவர்கள் 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள். கம்ப்ரசர் வளர்ந்ததே வானொலி நிலையத்தில்தான். அங்கே ஒலி ஓர் அளவைத் தாண்டினால் ஒலிபரப்பு கரகரத்துவிடும். 1930-களிலேயே அதற்கு ஒரு கடிவாளம் கண்டுபிடித்தார்கள். வயலுக்குப் போகிறவர் தோளில் டிரான்சிஸ்டர். சுற்றிலும் காற்றுச் சத்தம், பம்புசெட் சத்தம். அத்தனைக்கும் மேலே பாட்டின் மெல்லிய இடமும் கேட்டது என்றால், ஒலியின் மேடுபள்ளத்தை யாரோ நிரவி அனுப்பினார்கள் என்று பொருள்.

சரி, இனிக் கிட்டார்ப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு. குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிட்டார். கம்பி புதிதாக இருக்கட்டும். நம் ஊர் வியர்வைக்கும் வெக்கைக்கும் கம்பி சீக்கிரம் துருவேறும். துருவேறிய கம்பியில் மேல் ஒலியே இல்லை. இல்லாததைக் கம்ப்ரசர் உண்டாக்காது. இருப்பதைத்தான் தூக்கிக் காட்டும். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைத் தேர்ந்தெடுங்கள், அங்கேதான் மேல் ஒலி அதிகம். மெல்லிய பிக் எடுங்கள். கார்டை மொத்தமாக வழிக்காமல் ஒவ்வொரு கம்பியாகப் பிரித்து மீட்டுங்கள். திறந்த கம்பி ஒன்றிரண்டு கூடவே ஒலிக்கட்டும்.

அடுத்து பெட்டி. கிட்டாரிலிருந்து வரும் வயர் முதலில் கம்ப்ரசருக்குள் போகட்டும். கோரஸ், டிலே எல்லாம் அதற்குப் பின்னால். விகிதம் நான்குக்கு ஒன்றில் தொடங்குங்கள். பலமாக அடித்தால் ஒலி ஆறு முதல் ஒன்பது டெசிபல் வரை இறங்கும்படி வரம்பை வையுங்கள். அட்டாக்கைக் கவனியுங்கள். கட்டையை உடனே கொடுத்துவிட்டால் ‘டக்’ என்ற தெறிப்பே செத்துவிடும், சுரம் பஞ்சில் விழுந்த கல்லாகிவிடும். நொடியை ஆயிரமாகப் பங்கிட்டு அதில் 20, 30 பங்கு பொறுங்கள். தெறிப்பின் நுனி வெளியே போகட்டும். பிறகு கட்டையைக் கொடுங்கள். ரிலீஸ் அடுத்த அடிக்குமுன் முடிய வேண்டும். நிமிடத்துக்கு 120 தட்டு போகும் பாட்டில், தட்டுக்கு இரண்டு மீட்டு என்றால், ஒரு மீட்டுக்கு 250 பங்கு நேரம். 200 பங்குக்குள் கட்டையை உருவிவிட்டால் அடுத்த மீட்டு தடையில்லாமல் பிறக்கும்.

எல்லாப் பெட்டியிலும் இத்தனை திருகு இருக்காது. ‘சஸ்டெய்ன்’ என்று ஒன்று, ‘லெவல்’ என்று ஒன்று, அவ்வளவுதான் இருக்கும். கவலை வேண்டாம். சஸ்டெய்னைக் கால்வாசியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். எப்போது நிறுத்துவது? கார்டின் நடுக்கம்பி தனியாகக் காதுக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள்.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மெல்லியதைத் தூக்கும் பெட்டி நல்லது கெட்டது பார்க்காது. ரீங்காரத்தோடு இரைச்சலையும் தூக்கும். சிங்கிள் காயில் பிக்கப் நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலை இழுத்துக்கொள்ளும். திருவிழா மேடையில் எர்த் சரியில்லாவிட்டால், பாட்டு நிற்கிறபோதெல்லாம் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் மேலெழும். முதலில் எர்த்தைச் சரிபாருங்கள், பிறகு பெட்டியை மிதியுங்கள். அளவு மீறி அமுக்கினால் ஒலி மூச்சு வாங்கும், மேலும் கீழுமாக ஏறி இறங்கும். எல்லாச் சுரமும் ஒரே உயரம் ஆகிவிட்டால் அது இசையா? மேடும் இல்லாத, பள்ளமும் இல்லாத பாட்டில் எங்கே நின்று அழுவது, எங்கே நின்று சிரிப்பது? நிரவலாம், தரிசாக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் கம்ப்ரசர் உங்கள் கை. 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் ‘இளைய நிலா’ பாட்டை எத்தனை மேடையில் வாசித்திருக்கிறோம்! இளையராஜாவின் இசையில் சந்திரசேகர் வாசித்த கிட்டார் அது. எலெக்ட்ரிக் இல்லை, மரக் கிட்டார். ஆனாலும் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சுரமும் கோத்த முத்து மாதிரி ஒரே பருமனில் விழுகிறது. விரலுக்குள் இருக்கும் சமன் அது. யாழ் வாசித்த நம் முன்னோர் கம்பியைத் தொடும் விதங்களுக்கு உந்தல், உருட்டல், அள்ளல் என்று எட்டுப் பெயர் வைத்தார்கள். சிலப்பதிகாரத்துக் கானல்வரியைப் புரட்டினால் தெரியும். கைக்குள்ளே எட்டு விதம் அறிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பெட்டி அந்தக் கைக்குத் துணை நிற்கும். கையின் வேலையை அதனிடம் விட்டுவிடாதீர்கள்.

வள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதை ஒழுக்கப் பாடமாக மட்டும் படித்து வந்தேன். அன்று அந்த மைக்செட்காரர் பேச்சைக் கேட்டு, பெட்டி எதுவும் இல்லாமல், வெறுமனே கையைத் தளர்த்தி வாசித்தபோது, நடுக்கம்பிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அது இசைப் பாடமும்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. பாட்டு முடிந்ததும் முன்வரிசைப் பெரியவரைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. விரலால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்பர்களே, பேச்சை முடிக்கிறேன். குடுமியான்மலைப் பாறையில் அந்த அரசர் மாணவர் நன்மைக்கென்று வெட்டி வைத்தார். அந்த மண்ணின் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று. இன்று இரவு வீட்டுக்குப் போங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பெட்டியை மிதிக்காமல் ஒரே ஒரு கார்டை மீட்டிவிட்டு, கையை எடுத்துவிடுங்கள். அது தேய்ந்து அடங்கும்வரை கேளுங்கள். எத்தனை எண்ணும்வரை நிற்கிறது என்று எண்ணுங்கள். பிறகு பெட்டியை மிதித்து, அதே கார்டை, முன்னைவிட மெதுவாக மீட்டுங்கள். மறுபடி எண்ணுங்கள். முதல் முறை காதில் விழாமல் போன ஒரு மணி இரண்டாம் முறை ஒலிக்கும். அந்த மணி முதல் முறையும் அங்கேதான் ஒலித்தது, உங்கள் அடியின் சத்தத்துக்குக் கீழே.